டேட்டாபேஸ் இருக்கும்போது பிராட்வே ஆண்டுத் தொகுப்புகள் எதற்கு?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 11

நியூயார்க்கின் பிராட்வே நாடகம் பற்றி எது வேண்டுமானாலும் ஐபிடிபி என்ற இணைய டேட்டாபேஸில் ஒரு நொடியில் கிடைக்கிறது. யார் நடித்தார், எந்த அரங்கு, எத்தனை காட்சி, எல்லாமே. அப்படியிருக்க, பழைய 'தியேட்டர் வேர்ல்ட்' ஆண்டுத் தொகுப்புகளைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் அலமாரி அழகுக்குத்தானே வாங்குகிறார்கள்? சும்மா கேட்கிறேன், சண்டைக்கு வரவில்லை.

பிப்ரவரி 11, இரவு 10.40

சண்டைக்கு நான் வருகிறேன். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் அமெரிக்க நூலகங்கள் கழித்துப்போட்ட பிரதிகள். முதுகில் எண் ஒட்டியிருக்கும், உள்ளே நீக்கப்பட்டது என்று முத்திரை, ஓரமெல்லாம் பழுப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து மயங்குகிற ஜாதி இல்லை இவை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். இரண்டு தனித்தனித் தொடர்கள் இருக்கின்றன, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். மூத்தது 'பெஸ்ட் பிளேஸ்'. பர்ன்ஸ் மேன்டில் என்ற பத்திரிகை விமர்சகர் தொடங்கியது. முதல் தொகுதி 1919-20 சீசனுக்கு. அந்த ஆண்டின் சிறந்த பத்து நாடகங்கள் என்று தனக்குப் பட்டதை எடுத்து, கொஞ்சம் வசனம் கொஞ்சம் கதைச்சுருக்கம் என்று கோத்துக் கொடுப்பார். முன்னால் சீசன் எப்படிப் போனது என்று ஒரு கட்டுரை. பின்னால் நியூயார்க்கில் மேடையேறிய நாடகங்களின் நடிகர் பட்டியல், வரிசையாக. மேன்டில் 1948இல் இறந்த பிறகு ஜான் சாப்மன், லூயிஸ் க்ரோனன்பெர்கர், ஹென்றி ஹியூஸ் என்று கைமாறி, 1964-65இலிருந்து ஓடிஸ் கர்ன்சி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டிக் காத்தார்.

'தியேட்டர் வேர்ல்ட்' இளையது. டேனியல் ப்ளம் 1944-45 சீசனுக்குத் தொடங்கியது. இதில் படத்துக்குத்தான் ராஜ மரியாதை. பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படங்கள், கீழே பொடி எழுத்தில் நடிகர்கள், இயக்குநர், அரங்க அமைப்பு, ஸ்டேஜ் மேனேஜர், அண்டர்ஸ்டடி (நடிகர் வராதபோது இறங்கும் மாற்று ஆள்). 1965இல் ப்ளம் போனதும் அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் வில்லிஸ் ஏற்றுக்கொண்டார். அவரும் 2010இல் தொண்ணூற்று மூன்று வயதில் போய்ச் சேரும் வரைக்கும் இந்தப் புத்தகம் என்றாலே அவர் பெயர்தான்.

முன்னதை உட்கார்ந்து வாசிக்கலாம். பின்னதைப் படுத்துக்கொண்டு புரட்டலாம்.

பிப்ரவரி 12, காலை

ஐபிடிபியில் எல்லாமே இருக்கிறது என்கிறீர்களே, அது பிராட்வேக்கான தளம். 500 இருக்கையும் அதற்கு மேலும் உள்ள, பிராட்வே என்று ஒப்புக்கொள்ளப்பட்ட அரங்குகள்தான் (இன்று 41) அதன் எல்லை. 500க்குக் கீழே வந்துவிட்டால் ஆஃப் பிராட்வே. அதற்கு லார்டெல் ஆவணத் தளத்துக்கு நடக்க வேண்டும். 100க்கும் கீழே என்றால் ஆஃப் ஆஃப் பிராட்வே. அங்கே தேடல் இன்னும் மெலிந்துவிடும். நியூ ஹேவன், மினியாபொலிஸ், லூயிவில் போன்ற ஊர்களின் நிரந்தர நாடகக் குழுக்களுக்கு எங்கே போவீர்கள்?

தியேட்டர் வேர்ல்டின் பின்பகுதியில் இந்த வெளியூர்க் குழுக்களும் உண்டு. நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 அக்டோபரில் 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' பிராட்வேக்கு வருகிறது. அதே சீசன் முடிவதற்குள், 1985 ஏப்ரல் கடைசியில், நியூ ஹேவனின் யேல் ரெப்பர்டரியில் அவருடைய 'ஃபென்சஸ்' முதல் முறையாக மேடையேறுகிறது. அது பிராட்வேக்கு வரப்போவது 1987இல்தான். டேட்டாபேஸில் இவை இரண்டுக்கும் நடுவே இரண்டு சீசன் இடைவெளி தெரியும். ஆண்டுத் தொகுப்பை வைத்துப் பார்த்தால் ஒரே குளிர்காலம். மனிதர் இங்கே ஒரு நாடகத்தை ஓடவிட்டுவிட்டு அங்கே அடுத்ததற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பிப்ரவரி 12, மதியம்

இன்னொருவர் கேட்கிறார்: பிராட்வே அரங்கு என்றால் பிராட்வே தெருவில் இருக்க வேண்டாமா? வேண்டாம். பெரும்பாலானவை குறுக்குத் தெருக்களில்தான். லிங்கன் சென்டரில் இருக்கும் விவியன் போமான்ட் அரங்குகூடக் கணக்கில் சேர்த்தி.

பிப்ரவரி 12, இரவு

இன்று 1982-83 சீசனை எடுத்தேன். என் கட்சியை எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல சீசன் அமையாது.

அந்த சீசனில்தான் அக்டோபர் 7 அன்று 'கேட்ஸ்' விண்டர் கார்டனில் தொடங்கியது. அதே சீசனில் பிப்ரவரி 22 அன்று யூஜீன் ஓநீல் அரங்கில் 'மூஸ் மர்டர்ஸ்' தொடங்கியது. அன்றே முடிந்தும் போனது. பதின்மூன்று ப்ரிவ்யூ (அதிகாரபூர்வத் தொடக்கத்துக்கு முந்தைய காட்சிகள்), ஒரு காட்சி. பல ஆண்டுகளுக்குப் பிறகு மேடைக்குத் திரும்புவதாக இருந்த ஈவ் ஆர்டன் ப்ரிவ்யூ சமயத்திலேயே விலகிவிட, ஹாலண்ட் டெய்லர் அவசரமாக வந்து அந்தப் பாத்திரத்தைத் தாங்கினார். பிராட்வேயில் மோசமான நாடகம் என்று யார் பேச்செடுத்தாலும் இன்றைக்கும் முதலில் வருகிற பெயர் இது.

தொகுப்பில் இரண்டுக்கும் ஒரே மரியாதை. இதற்கும் எழுத்தாளர், இயக்குநர், உடை, ஒளி, நடிகர் என்று வரிசை; அதற்கும் அப்படியே. தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, காட்சி எண்ணிக்கை. நக்கல் கிடையாது, ஆச்சரியக்குறி கிடையாது. ஒரே ஒரு இரவுக்காக மாதக்கணக்கில் உழைத்த தையல்காரரின் முதலாளி முதற்கொண்டு பெயர் இருக்கிறது.

அப்புறம், பெஸ்ட் பிளேஸில் ஒரு வழக்கம்: சீசன் முடியும் மே 31க்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தவற்றின் தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். கேட்ஸுக்கு அந்தக் குறி. அது 2000 செப்டம்பர் வரை 7,485 காட்சி ஓடப்போகிறது என்று அச்சுக் கோத்தவர் எவருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தில் அது ஏழெட்டு மாதமாக ஓடும் ஒரு பூனை மியூசிக்கல், அவ்வளவுதான். எனக்கு அந்தத் தெரியாமைதான் வேண்டும். தளத்தில் பார்க்கும்போது முடிவு தெரிந்த பிறகுதான் தொடக்கத்தைப் பார்க்கிறோம்.

பிப்ரவரி 13

மேலே எழுதியது கொஞ்சம் கவிதையாகப் போய்விட்டது. எதிர்ப்பக்கத்தையும் சொல்கிறேன். அந்த நட்சத்திரக் குறி ஆராய்ச்சி செய்கிறவனுக்குப் பெரிய தலைவலி. ஒரு நாடகம் மொத்தம் எத்தனை காட்சி ஓடியது என்று தெரிய அடுத்த தொகுதி, அதற்கடுத்த தொகுதி என்று துரத்த வேண்டும். 'ஃபான்டம் ஆஃப் தி ஓபரா' 1988 ஜனவரி 26 அன்று தொடங்கி 2023 ஏப்ரல் 16 அன்று 13,981ஆவது காட்சியோடு முடிந்தது. இதைப் புத்தகங்களில் தொடர ஆரம்பித்தால் புத்தகத் தொடர் முதலில் தீர்ந்துவிடும். இந்த மாதிரி வேலைக்கு நானும் ஐபிடிபிதான் திறப்பேன்.

ஆஃப் பிராட்வேயில் இன்னும் மோசம். 'தி ஃபான்டாஸ்டிக்ஸ்' 1960 மே 3 அன்று சலிவன் தெருவில் ஒரு சின்ன அரங்கில் தொடங்கி 2002 ஜனவரி வரை 17,162 காட்சி ஓடியது. முந்தைய சீசனிலிருந்து தொடர்பவை என்ற பகுதியை எந்த ஆண்டில் திறந்தாலும் வாடகைக்கு வந்து வீட்டையே சொந்தமாக்கிக்கொண்டவர் மாதிரி அது உட்கார்ந்திருக்கும்.

பிப்ரவரி 13, பிறகு

கேள்வி கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: "முதல் தொகுதியின் அந்தப் பத்து நாடகங்களில் எத்தனை இன்று உயிரோடு இருக்கின்றன?"

நல்ல கேள்வி. 1919-20 பட்டியலில் 'வெட்டிங் பெல்ஸ்', 'மம்மாஸ் அஃபேர்', 'ஆடம் அண்ட் ஈவா', 'கிளாரன்ஸ்', 'டெக்லாஸே', 'தி ஃபேமஸ் மிஸ்ஸஸ் ஃபேர்' எல்லாம் இருக்கின்றன. இவற்றை இன்று யாராவது மேடையேற்றினால் வியப்பேன். நிலைத்தது யூஜீன் ஓநீலின் 'பியாண்ட் தி ஹொரைசன்'. அதுவும் எப்படி வந்தது தெரியுமா? 1920 பிப்ரவரியில், மொராஸ்கோ அரங்கில், மதியக் காட்சிகளாக மட்டும். மாலையில் வேறு நாடகங்களில் வேஷம் கட்டுகிற நடிகர்களை வைத்து, மேடை காலியாக இருக்கும் பொழுதில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ஆண்டின் புலிட்சர் பரிசு அதற்குத்தான் போனது.

ஆக, மேன்டில் தங்கத்தைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்லலாம், தங்கத்தோடு ஒன்பது தகரத்தையும் அள்ளினார் என்றும் சொல்லலாம். எனக்கு அந்தத் தகரங்கள் மேல்தான் கண். 1920இல் டிக்கெட் வாங்கிய ஜனம் எதற்குச் சிரித்தது, எதற்கு அழுதது என்பது அவற்றில்தான் இருக்கிறது. ஓநீலைப் படிக்க எனக்கு ஆண்டுத் தொகுப்பு தேவையில்லை. எந்தக் கடையிலும் கிடைப்பார்.

இன்னொன்று: அந்த சீசனே ஒரு வேலைநிறுத்தத்தில்தான் தொடங்கியது. 1919 ஆகஸ்டில் நடிகர் சங்கமான ஈக்விட்டி முதலாளிகளுக்கு எதிராக இறங்கியதில் அரங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஒரு மாதம் கழித்து நடிகர்கள் பக்கம் வென்றது. சம்பளமில்லாமல் வாரக்கணக்கில் ஒத்திகை பார்க்க வைக்கிற வழக்கமெல்லாம் அன்று பேரம் பேசப்பட்ட விஷயங்கள். பட்டியலை மட்டும் பார்த்தால் ஆகஸ்ட் மாதம் ஏன் இப்படி நொண்டுகிறது என்று புரியாது.

பிப்ரவரி 15

"படத்துக்கு ராஜ மரியாதை என்றீர்கள், யார் படம்?" நட்சத்திரங்கள் படம் எங்கேயும் கிடைக்கும். கூட்டத்தில் நிற்கிறவர்களைப் பாருங்கள்.

1954 மே மாதம் 'தி பஜாமா கேம்' தொடங்கியபோது கோரஸில் ஷெர்லி மெக்லைன் என்ற பெண் ஆடிக்கொண்டிருந்தார். அதில் நடித்த கரோல் ஹேனிக்கு அவர்தான் அண்டர்ஸ்டடி. ஹேனிக்குக் கணுக்காலில் அடிபட, மெக்லைன் இடம்பிடிக்க, பார்வையாளர் வரிசையில் இருந்த தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் சினிமாவுக்கு அழைத்துக்கொண்டு போக, அப்புறம் நடந்ததெல்லாம் உலகம் அறிந்தது. இதில் வேடிக்கை, அந்த ஆண்டு தியேட்டர் வேர்ல்ட் விருது ஹேனிக்குத்தான். புத்தகம் சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுத்தது. கணுக்கால் பற்றி அதற்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 15, சற்றுப் பிறகு

விருது என்றேன், விளக்காமல் விட்டுவிட்டேன். புத்தகத்தோடு கூடவே பிறந்த விருது அது. ப்ளம் தன் முதல் தொகுதியிலேயே அந்த ஆண்டின் நம்பிக்கை தரும் புதுமுகங்கள் என்று சிலரைக் குறித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் தியேட்டர் வேர்ல்ட் விருது. நியூயார்க் மேடையில் அறிமுகமாகிறவர்களுக்கு மட்டும், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. 1945 பட்டியலில் ஜூடி ஹாலிடே, பெட்டி காம்டன், ஜான் ரைட். அடுத்த ஆண்டு மார்லன் பிராண்டோ, பர்ட் லங்காஸ்டர், பார்பரா பெல் கெடஸ்.

அந்த ஆண்டு பிராண்டோ நடித்த 'ட்ரக்லைன் கஃபே' பெலாஸ்கோ அரங்கில் மொத்தம் 13 காட்சி ஓடியது. பதின்மூன்றே. நாடகம் படுத்துவிட்டது, உள்ளே நின்ற பையன் தப்பவில்லை ப்ளம் கண்ணிலிருந்து. 'எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்' வர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறது. கைதட்டலாமா வேண்டாமா?

பிப்ரவரி 16

பிராண்டோ பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. தியேட்டர் வேர்ல்டின் கடைசியில் நடிகர் குறிப்புகள் உண்டு: எங்கே பிறந்தார், எங்கே படித்தார், நியூயார்க்கில் முதல் வேஷம் எது என்று தந்தி பாஷையில். எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாத பகுதியும் அதுதான். எந்தத் தொகுப்பானாலும் இந்த மாதிரி விவரம் கடைசியில் நடிகரின் வாயிலிருந்துதான் வருகிறது. பிராண்டோ நெப்ராஸ்கா மாநிலம் ஓமஹாவில் பிறந்தவர். ஆரம்ப கால நாடக நிகழ்ச்சிக் குறிப்பில் தன்னைப் பற்றிக் கொடுத்த தகவல் என்ன தெரியுமா? கல்கத்தாவில் பிறந்தவராம். அச்சில் வந்துவிட்டால் உண்மை என்று நினைக்கிறவர்களுக்காகச் சொன்னேன். வயது விஷயத்தில் நடிகர்கள் செய்யும் கணக்கைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 16, இரவு

"சீசன் ஏன் ஜூனில் தொடங்குகிறது, ஜனவரியில் ஆரம்பித்தால் என்ன?" கோடையில் பழைய அரங்குகள் அடுப்பாகிவிடும், குளிர்சாதனம் வருவதற்கு முன் பல நாடகங்கள் ஜூனிலேயே மூட்டை கட்டின. ஆண்டு அங்கே இயல்பாகவே முடிந்தது. இலையுதிர் காலத்தில் புதுக் கணக்கு.

ஜூன் 1 முதல் மே 31 என்ற இந்த வெட்டு சில நேரம் கொடூரமாக விழும். 1995-96 சீசனைப் பாருங்கள். 'ரென்ட்' எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன் 1996 ஜனவரி 25 அதிகாலையில் இறந்தார், ஆஃப் பிராட்வேயில் முதல் ப்ரிவ்யூவுக்கு முன். ஏப்ரல் 29 அன்று நாடகம் பிராட்வேக்கு வந்தது. ஆக ஒரே சீசனில் ஆஃப் பிராட்வே பகுதியில் ரென்ட், பிராட்வே பகுதியில் ரென்ட், பரிசுகள் பகுதியில் ரென்ட், மறைந்தவர்கள் பகுதியில் லார்சன். புரட்டிக்கொண்டே போகும்போது நாலாவது இடத்தில் கை நின்றுவிடும்.

'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்' இன்னும் இறுக்கம். 1980 ஆகஸ்ட் 25, தொடக்க நாள். இயக்குநர் கோவர் சாம்பியன் அன்று இறந்ததைத் தயாரிப்பாளர் டேவிட் மெரிக் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, கைதட்டல் நடுவே மேடைக்கு வந்து அறிவித்தார். தொடக்கத் தேதியும் இறந்த தேதியும் ஒன்றே.

பிப்ரவரி 18

மெரிக் என்றதும் நினைவுக்கு வருகிறது. பெஸ்ட் பிளேஸில் கர்ன்சி காலத்தில் ஒரு பகுதி உண்டு: பிராட்வே தொடக்கத்துக்கு முன்பே மூடப்பட்ட நாடகங்கள். எனக்குக் கொடுத்தால் அந்தப் பகுதியை மட்டும் தனிப் புத்தகமாகப் போடுவேன்.

1966 டிசம்பரில் 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' மியூசிக்கல். மேரி டைலர் மோர், ரிச்சர்ட் சேம்பர்லின். முன்பதிவு கொட்டியது. நியூயார்க்கில் நான்கே ப்ரிவ்யூ. டிசம்பர் 14க்குப் பிறகு மெரிக் கதவைச் சாத்தினார். விமர்சகர்களையும் ஜனங்களையும் இதைப் பார்க்க வைத்து வதைப்பதைவிட மூடுவதே மேல் என்ற பொருளில் பத்திரிகைக்கும் சொன்னார். அதிகாரபூர்வமாகத் தொடங்காத நாடகத்துக்கு விமர்சனம் இல்லை, பரிசு இல்லை, மறுபடி மேடையேற வாய்ப்பும் அநேகமாக இல்லை. ஒரு வரியாவது ஒரு தொகுப்பில் இருக்க வேண்டாமா?

பிப்ரவரி 19

பிளேபில் ஆண்டுப் புத்தகத்தைப் பற்றி ஏன் பேசவில்லை என்று ஒருவர் கோபித்துக்கொள்கிறார். சரி. 2005இல் ராபர்ட் வியாகஸ் தொகுத்துத் தொடங்கியது. பள்ளி ஆண்டு மலர் பாணியில் மேடைக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோருக்கும் குழுப்படம்: உடை மாற்றிவிடுகிறவர், ஒலிக்காரர், வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் வரைக்கும். ஒவ்வொரு நாடகத்திலிருந்தும் ஒருவர், உள்ளே நடந்த கூத்துகளை எழுதுவார். தகவலுக்கு மற்ற இரண்டும், வம்புக்கு இது.

பிப்ரவரி 21

2020-21க்கு யாராவது தொகுப்பு போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இரண்டு நாளாக யோசனை. 2020 மார்ச் 12, வியாழக்கிழமை, கொரோனாவால் பிராட்வே முழுவதும் மூடியது. அன்று மாலை 'சிக்ஸ்' தொடங்க வேண்டிய நாள். அது தொடங்கியது 2021 அக்டோபரில். 'ஹேங்மென்' ப்ரிவ்யூவில் இருந்தபடியே மூடி, 2022இல் மறுபடி வந்தது. 2020 ஜூன் 1இலிருந்து 2021 மே 31 வரை ஒரு பிராட்வே நாடகமும் இல்லை. மேன்டிலோ வில்லிஸோ இருந்திருந்தால் அந்த ஆண்டுக்கும் மெலிந்த ஒரு தொகுதி வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்: காலியான பட்டியல், நீளமான மறைந்தவர்கள் பகுதி. ஆனால் பழைய பெஸ்ட் பிளேஸ் வரிசை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே நின்றிருந்தது. அச்சடிக்கும் செலவு, வாங்குகிற நூலகங்கள் குறைந்தது, கேள்வி கேட்டவர் சொன்ன அதே இலவசத் தளங்கள். அந்த விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

பிப்ரவரி 22

கேள்வி கேட்டவர் இறங்கி வந்துவிட்டார்! "ஒரே ஒரு தொகுதி வாங்குவதாக இருந்தால் எது?"

1975-76 வாங்குங்கள். ஜூன் 3 அன்று 'சிகாகோ' தொடங்கியது. ஜூலையில் 'எ கோரஸ் லைன்' ஆஃப் பிராட்வேயிலிருந்து பிராட்வேக்கு மாறி வந்தது. பிராட்வேயின் பெரிய விருதான டோனி பரிசில் கோரஸ் லைனுக்கு ஒன்பது, சிகாகோவுக்குப் பூஜ்யம். பின்னால் சிகாகோவின் மறுமேடையேற்றம் கோரஸ் லைனின் ஓட்டத்தையே தாண்டிப் போனது. அந்தத் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் சிகாகோ தோற்ற பக்கம்.

தியேட்டர் வேர்ல்ட் என்றால் படத்துக்கு, பெஸ்ட் பிளேஸ் என்றால் ஹிர்ஷ்ஃபெல்ட் கோட்டோவியங்களுக்கு. பின்னதை வாங்கும்போது விற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஓவியப் பக்கங்கள் உள்ளே இருக்கின்றனவா என்று. எனக்கு வந்த ஒரு பிரதியில் அவற்றை மட்டும் யாரோ பிளேடால் வழித்து எடுத்திருந்தார்கள், தையலோடு ஒட்டி, வெகு சுத்தமாக. 'நல்ல நிலை' என்று போட்டு விற்ற புண்ணியவானுக்கு இரண்டு மடல் எழுதினேன், பதில் இல்லை. ஓவியங்களை வைத்திருக்கிறவர் யாராவது இதைப் படித்தால், தலைமுடிச் சுருளில் 'நினா' என்று ஓவியர் தன் மகள் பெயரை ஒளித்து வைத்திருப்பார். எத்தனை இருக்கிறது என்று எண்ணியாவது சொல்லுங்கள்.